அக்கரைச் சிரிப்பு

பாம்பனில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விசித்திரமான பூகோள ஞானம் உண்டு. சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், "அது ஒரு ராத்திரி ரயில் பிரயாணம்" என்று அலுப்போடு சொல்வார்கள். இலங்கை எவ்வளவு தூரம் என்று கேட்டால் வாயால் பதில் வராது. கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

அந்த 30 கிலோமீட்டரைக் கடந்து எத்தனையோ வந்திருக்கின்றன, போயிருக்கின்றன. 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாம்பனில்தான் கரை ஏறினார். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு ரயிலும் கப்பலும் மறுபடி ரயிலுமாகக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் போய் இறங்கலாம் என்ற வசதி வந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கடலோடு சேர்த்துவிட்டுப் போன பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கப்பலும் ரயிலும் இல்லாமல், டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இல்லாமல், தினமும் எங்கள் ஊருக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த சரக்கு ஒன்று உண்டு. அதுதான் இலங்கை வானொலி.

இதில் சமுத்திர ராஜனுக்கும் பங்கு இருந்தது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகையால் மத்திய அலை ஒலிபரப்பு தரையின்மேல் போகும்போது தேய்ந்துபோவதைப்போலக் கடலின்மேல் போகும்போது தேய்வதில்லை. எங்கள் ஊரில் திருச்சி நிலையம் இருமிக்கொண்டு வரும். கொழும்போ பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல வரும். ரயில்வே உத்தியோகத்திலிருந்த என் தகப்பனார், "நம் ஊர் வானொலிக்குத்தான் நாம் அயல்நாடு" என்று வேடிக்கையாகச் சொல்வார்.

இலங்கை வானொலியின் சினிமாப் பாட்டுப் பெருமையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1952 முதல் மந்திரி கேஸ்கர் டெல்லியில் உட்கார்ந்துகொண்டு சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தியதும், கொழும்பு ஜன்னலைத் திறந்துவிட்டதும், மயில்வாகனம், கே. எஸ். ராஜா போன்றவர்களின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் குடியேறியதும் தெரிந்த சமாசாரங்கள். நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றி அல்ல. 1970-களில் அந்த வானொலியில் வந்த 'கோமாளிகள் கும்மாளம்' என்ற தொடர் நாடகத்தையும், அதை எழுதி அதில் நடித்த எஸ். ராமதாஸ் என்ற மனிதரையும் பற்றி.

தொடர் ஹாஸ்ய நாடகம் என்பதற்கு ஒரு ரகசியம் உண்டு. மற்றக் கதைகளில் ஆசாமிகள் மாறவேண்டும். கெட்டவன் திருந்தவேண்டும், ஏழை பணக்காரனாக வேண்டும். தொடர் ஹாஸ்யத்தில் யாரும் மாறக் கூடாது. கருமி கருமியாகவும் அசடு அசடாகவுமே இருக்கவேண்டும். வாரத்துக்கு வாரம் மாறுவது அவர்கள் மாட்டிக்கொள்ளும் சந்தர்ப்பம்தான். "இதற்கு அவன் என்ன சொல்லப்போகிறான் பார்!" என்று கேட்கிறவன் முன்கூட்டியே தெரிந்துகொண்டு காத்திருப்பானே, அந்தக் காத்திருப்பில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது. வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரர்களைப்போல அந்த ஆசாமிகள் நமக்குப் பழகிவிடுகிறார்கள்.

வானொலியில் இதற்கு ஒரு சிரமம் சேர்ந்துகொள்கிறது. அங்கே வேஷம் கிடையாது. குடுமி, தொப்பி, சோமன், சாரம் ஒன்றும் கேட்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பேச்சேதான் வேஷம். ராமதாஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். அவருடைய நாடகத்தில் நாலு முக்கிய ஆசாமிகள். நாலு பேரும் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் நாலும் நாலு தமிழ். அப்புக்குட்டி பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். அங்கே 'ஆமாம்' கிடையாது, 'ஓம்'தான். யாரும் பேசுவதில்லை, எல்லாரும் கதைக்கிறார்கள். ஐயர் பேசுவது அக்கிரகாரத் தமிழ். மரிக்கார் பேசுவது இலங்கை முஸ்லிம்களின் தமிழ். உபாலி என்பவர் சிங்களவர். சிங்களப் பேச்சு வழக்கில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் வால் மாற்றிக்கொள்வதில்லை. நான் என்றாலும் அவன் என்றாலும் ஒரே வினைதான். அந்தப் பழக்கத்தோடு ஒருவர் தமிழ் பேசப் புகுந்தால் திணையும் பாலும் இடமும் என்ன பாடுபடும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி அந்த வேஷங்களைப் போட்டவர்களின் பெயர்களைப் பாருங்கள். மரிக்காராக நடித்தவர் ராமதாஸ். ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீத், பின்னாளில் தமிழ் உலகம் முழுவதும் அறிந்த அதே அறிவிப்பாளர்தான். சிங்கள உபாலியாக நடித்தவர் செல்வசேகரன். அப்புக்குட்டியாக நடித்தவர் டி. ராஜகோபால். ராமதாஸ் மரிக்காராகிறார், அப்துல் ஹமீத் ஐயராகிறார், செல்வசேகரன் உபாலியாகிறார்! ஏதோ கல்யாண வீட்டு வாசலில் செருப்பு மாறிப்போனதுபோலத் தோன்றுகிறதல்லவா? ஆனால் மாறிய செருப்பு காலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்திப்போயிற்று. காலம் செல்லச்செல்ல ஜனங்கள் அவரை எஸ். ராமதாஸ் என்று சொல்வதையே விட்டுவிட்டார்கள். மரிக்கார் ராமதாஸ் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்தப் பெயரின் விசேஷம் எங்கள் கரையில் உள்ளவர்களுக்குத்தான் முழுதும் விளங்கும். இலங்கையில் மரிக்கார் என்பது இங்கே மரைக்காயர். மரக்கலத்திலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். கீழக்கரையில் அடங்கியிருக்கும் வள்ளல் சீதக்காதி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர், ஒரு மரைக்காயர்தான். கீழக்கரையிலிருந்து முத்தும் சங்கும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனவர்கள் அங்கே கடை வைத்தார்கள், பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். வாப்பா, உம்மா என்ற சொற்களுக்கு இந்தக் கடலில் எல்லைக்கோடு கிடையாது.

பாம்பன் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டீக்கடை. அதன் சொந்தக்காரர் கீழக்கரைப் பக்கத்துப் பெரியவர். எல்லாருக்கும் அவர் பாய். அவருடைய ரேடியோவுக்கு ஊரில் தனி மரியாதை. 'கோமாளிகள்' வரும் நேரத்தில் கடைக்குள் இடம் இருக்காது. டீ கேட்டாலும் கிடைக்காது. முடிகிறவரைக்கும் அடுப்பில் பால் பொங்கினால்கூட அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஒரு நாள் மரிக்கார் ஏதோ ஒரு வம்பில் மாட்டிக்கொண்டு திண்டாடுகிறார். கடையே கொல்லென்று சிரிக்கிறது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் புள்ள யாரு வூட்டுப் புள்ளன்னு தெரியலையே! கீழக்கரையா, காயல்பட்டணமா? அங்க போயி எத்தன காலமாச்சோ!" என்றார்.

எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். அந்த வயதுக்கு உரிய அதிகப்பிரசங்கித்தனம் நிரம்ப உண்டு. "பாய், அவர் முஸ்லிமே இல்லை. அவர் பேரு ராமதாஸ்" என்றேன்.

கடையில் ஒரு கணம் பேச்சில்லை. பாய்க்குக் கோபம் வந்துவிடுமோ என்று சிலர் என்னை முறைத்தார்கள். பாய் என்னைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ராமதாஸா! அப்பன்னா தம்பி, நம்ம ஆளுக வூட்டுல சோறு தின்னு வளந்த புள்ளையாத்தான் இருக்கும். இல்லாட்டி இந்தப் பேச்சு நாக்குல ஏறாது."

அந்த வார்த்தையின் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் ஒரு பாவம் செய்யவேண்டியிருந்தது.

1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. கணக்குப் போட்டவர்களுக்கு அது எண். ராமேஸ்வரத்தில் கப்பலைவிட்டு இறங்கியவர்களுக்கோ அது தகரப்பெட்டியும் கைக்குழந்தையும் முன்பின் தெரியாத 'சொந்த ஊரு'ம். அப்படி வந்த குடும்பம் ஒன்று எங்கள் ஊரில் சில காலம் தங்கியது. அந்த வீட்டுப் பையன் என் வகுப்பில் சேர்ந்தான். அவன் வீட்டை 'லயம்' என்பான். காலையில் தோட்டத்தில் ஆட்களைக் கணக்கெடுப்பதைப் 'பெரட்டு' என்பான். அவன் பேசும்போது வாக்கியத்தின் கடைசியில் ஒரு மெல்லிய இழுப்பு இருக்கும்.

பள்ளி ஆண்டு விழாவில் 'கோமாளிகள்' மாதிரி நானும் ஒரு ஹாஸ்ய நாடகம் எழுதினேன். அதில் அந்தப் பையனின் பேச்சை அப்படியே பிடித்து, கப்பலில் வந்திறங்கிய ஒரு அசடன் வேஷத்தை நானே போட்டேன். சபை சிரித்து உருண்டது. வாத்தியார்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். மேடையிலிருந்து பார்த்தால் மூன்றாவது வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். மறுநாளிலிருந்து வகுப்பில் அவன் வாயைத் திறக்கவே இல்லை. வாத்தியார் கேள்வி கேட்டால்கூட எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்வான். சில மாதங்களில் அவர்கள் குடும்பம் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

நான் செய்ததும் மிமிக்ரி. ராமதாஸ் செய்ததும் மிமிக்ரி. ஒன்றைக் கேட்டு அந்தப் பேச்சுக்கு உரிய மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இன்னொன்றைக் கேட்டு அந்தப் பேச்சுக்கு உரியவன் பேசுவதையே விட்டான். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வி எங்கள் கடற்கரையோடு நிற்கும் கேள்வி அல்ல. தொடர் ஹாஸ்யம் உலகத்தில் பிறந்ததே வானொலியில்தான். 1928-ல் அமெரிக்காவில், சிகாகோ நகரத்தில் 'ஏமோஸ் அண்ட் ஆண்டி' என்ற தொடர் தொடங்கியது. இரண்டு நீக்ரோ நண்பர்களின் கதை. குரல் கொடுத்தவர்கள் இரண்டு வெள்ளைக்காரர்கள். அமெரிக்காவே அதைக் கேட்டுச் சிரித்தது. 1951-ல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பு நடிகர்களைப் போட்டு எடுத்தார்கள். அப்போதும் கறுப்பு இனத்தாரின் சங்கம் பலமாக ஆட்சேபித்தது. 1953-ல் புதிய நாடகங்கள் நின்றுபோயின. அங்கே வெள்ளைக்காரன் கறுப்பனைப்போலப் பேசலாம். கறுப்பன் வெள்ளைக்காரனைப்போல வானொலியில் பேசிக் காசு வாங்க முடியாது. ஒரு பக்கத்துக் கதவு மட்டும் திறந்திருந்தது.

'கோமாளிகளில்' எல்லாப் பக்கமும் கதவு திறந்திருந்தது. ஒருவர் மரிக்காராவதற்குள் இன்னொருவர் ஐயராகிவிடுவார். யாரும் மேலே உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவனைப் பரிகசிக்கவில்லை. யாழ்ப்பாணத்தாரின் கெட்டிக்காரத்தனமும் சரி, ஐயரின் தடபுடலும் சரி, எல்லாம் சம அளவில் அடிபட்டன. நான் பள்ளிக்கூட மேடையில் செய்தது ஒற்றைக் கதவு வியாபாரம். அந்தப் பையனுக்கு என் பேச்சைப் பரிகசிக்க மேடை கிடையாது. அவன் வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

ராமதாஸுக்கு அந்த நாளின் அரசியலும் ஒரு விதத்தில் உதவியது. 1970 முதல் 1977 வரை இருந்த சிறிமாவோ அரசாங்கம் வெளிநாட்டுச் சரக்குகளுக்குப் போட்ட கட்டுப்பாட்டில் நம் ஊர்ப் பத்திரிகைகளும் சினிமாவும் அகப்பட்டுக்கொண்டன. தமிழ்நாட்டிலிருந்து வருவது குறைந்ததும், இலங்கைத் தமிழர்கள் தங்கள் கதைகளையும் சிரிப்பையும் தாங்களே தயாரிக்க முற்பட்டார்கள். நமக்கு அது சற்று ரோஷமான செய்திதான். நாம் அனுப்பிக்கொண்டிருந்த சரக்கு போகாததால் அவர்கள் வயிறு காயவில்லை. அடுப்பைப் பற்றவைத்துச் சமைத்துவிட்டார்கள். அந்த வேகத்தில் 'கோமாளிகள்' வானொலியிலிருந்து வெள்ளித்திரைக்கு ஏறியது. 1976-ல் எம். முகம்மது தயாரிக்க, எஸ். ராமநாதன் டைரக்ட் செய்து 'கோமாளிகள்' படம் வெளிவந்தது. ராமதாஸ், ராஜகோபால், அப்துல் ஹமீத், செல்வசேகரன் நாலு பேரும் திரையில் தோன்றினார்கள். அதுவரை காதால் மட்டும் பார்த்த முகங்களைக் கண்ணால் பார்க்க ஜனங்கள் தியேட்டருக்கு வந்தார்கள். 1978-ல் 'ஏமாளிகள்' என்று இன்னொரு படமும் வந்தது.

பிறகு தொலைக்காட்சி. 1982 பிப்ரவரி 15-ம் தேதி ஜப்பானியர் உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது. தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் போகிற பிரகிருதி. உயரத்திலிருந்து அனுப்பினால்தான் தூரம் போகும். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில் அஞ்சல் நிலையம் வைத்தார்கள். அதன் பலன் எங்கள் கரைக்கும் வந்தது. நீண்ட கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, ஒருவர் மாடியில் நின்று திருப்ப, கீழே இருப்பவர் "வந்துட்டது, வந்துட்டது... ஐயோ, போயிட்டது!" என்று கத்துவது 1980-களில் எங்கள் ஊர் மாலைப்பொழுதுகளின் சங்கீதம். இப்போது ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தூர்தர்ஷனின் கோபுரம் நிற்கிறது. அன்று அது இல்லை. அக்கரைச் சிகரம்தான் எங்களுக்குக் கோபுரம். ரூபவாஹினியில் ராமதாஸ் தமிழ் நாடகங்கள் எழுதினார், நடித்தார். சிரிப்பு நாடகத்தோடு நிற்காமல் கனமான கதைகளையும் தொட்டார். ஆனாலும் தெருவில் பார்க்கிறவர்களுக்கு அவர் மரிக்கார்தான். தொடர் நாடக நடிகனுக்கு இது வரமும் சாபமும். ஒரு பாத்திரம் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிகரத்தில் வைக்கும். அங்கிருந்து இறங்க மட்டும் விடாது.

நாலு தமிழும் ஒன்றாய்க் கூடிச் சிரித்த அந்த வீட்டுக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1956-ல் சிங்களம் மட்டும் என்ற சட்டம்; 1958-ல் கலவரம்; 1977-ல் மறுபடியும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. படகு படகாக ஜனங்கள் ராமேஸ்வரத்துக் கரையில் வந்து இறங்கினார்கள். கப்பல் போக்குவரத்தும் அடுத்த ஓரிரு வருஷங்களில் நின்றது. வெள்ளைக்காரன் காலத்தில், தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த மண்டபம் முகாம், இப்போது அங்கிருந்து ஓடிவந்தவர்களை வைக்கும் முகாமாயிற்று. பிறகு 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். உபாலியும் அப்புக்குட்டியும் பிரிந்ததோடு கதை நிற்கவில்லை. அப்புக்குட்டியும் மரிக்காரும்கூடப் பிரிக்கப்பட்டார்கள்.

ஹாஸ்யம் கலவரத்தை நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 'கோமாளிகளை'க் கேட்டுச் சிரித்தவர்களில் சிலரே தீப்பந்தம் பிடித்தும் இருக்கலாம். அப்படியானால் அந்தச் சிரிப்பினால் என்ன பிரயோஜனம்?

1984-ல், கல்லூரி விடுமுறையில் வந்தபோது, உறவினர் ஒருவரோடு மண்டபம் முகாமுக்குப் பழைய துணிகள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னார்ப் பக்கத்து வயதான அம்மாள் ஒருத்தி சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, உங்கட வீட்டில றேடியோ இருக்கோ? கொழும்பு எடுக்குமோ?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் கொழும்பின் பெயரைச் சொன்னாலே வயிற்றில் நெருப்பு விழவேண்டுமோ, அந்தக் கொழும்பையா கேட்கிறாள்! "அந்த ஊரையா கேட்கிறீர்கள், அம்மா?" என்றேன். "வீட்டைக் கொளுத்தினது வேற ஆக்கள். நாடகம் போட்டது வேற ஆக்கள், தம்பி" என்றாள்.

பிரயோஜனம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஒரு தேசம் முழுவதையும் மொத்தமாக வெறுத்துவிடாமல், 'வேற ஆக்கள்' சிலர் இருந்தார்கள் என்று பிரித்துப் பார்க்க அந்த அம்மாளுக்கு ஒரு பிடி கிடைத்திருந்தது. வீடு போன பிறகும் கையில் மிஞ்சிய சில சாமான்களில் அதுவும் ஒன்று.

ராமதாஸ் பிற்காலத்தில் சென்னைக்கு வந்து தங்கினார். 2016 ஜூலையில் அங்கே காலமானார். பத்திரிகையில் செய்தியைப் பார்த்தபோது பாம்பனுக்குப் போகவேண்டும்போல இருந்தது. போனேன். டீக்கடை இருந்த இடத்தில் வேறு கடை. பாய் காலமாகிப் பல வருஷங்கள். சொல்வதற்கு ஆள் இல்லாமல், பாலத்தின்மேல் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நாவல் எழுதப் புகுந்த பிறகு எத்தனையோ ஊர்ப் பேச்சுக்களைப் பாத்திரங்களின் வாயில் வைத்திருக்கிறேன். மீனவர் பேச்சு, செட்டிநாட்டுப் பேச்சு, கமுதிப் பக்கத்துப் பேச்சு. ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுக்குமுன் பாயின் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்: "இவர்கள் வீட்டில் சோறு தின்றிருக்கிறாயா?" இல்லை என்று பதில் வந்தால் பேனாவை மூடிவிடுகிறேன். கூடலூருக்குப் போன அந்தப் பையனுக்கு நான் பட்ட கடனை இந்த விதத்தில்தான் சிறிது சிறிதாக அடைத்துவருகிறேன். வட்டி மட்டும்தான் கட்டியிருக்கிறேன். அசல் அப்படியே நிற்கிறது.